சுயநிதி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பணத்துக்கு என்ன வழி? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வழிகாட்டி

தங்கைக்கு ஒதுக்கீட்டு ஆணை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. சுயநிதி மருத்துவக் கல்லூரி, அரசு ஒதுக்கீடு. அம்மா கற்பூரம் ஏற்றினார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை நாளுக்குள் கட்டவேண்டும்?"

ஆறு நாள். அதில் ஒன்று இரண்டாம் சனிக்கிழமை, ஒன்று ஞாயிறு. திங்கட்கிழமை காலை வங்கி திறக்கும்போது நானும் அப்பாவும் வாசலில் நின்றோம். மேலாளர் நல்ல மனிதர். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எல்லாத் தாள்களும் சரியாக இருந்தால் மூன்று வாரத்தில் பணம் கிடைக்கும்" என்றார். எங்கள் தாள்கள் சரியாக இல்லை. அம்மாவின் நகைகள், பெரிய அத்தையின் சீட்டுப் பணம், கொருக்குப்பேட்டைப் பட்டறையில் அப்பா வைத்திருந்த இரண்டு லேத்தில் ஒன்று, இவை மூன்றும் சேர்ந்துதான் முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டின.

இது 2024இல் நடந்தது. அதன்பின் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலுமாக நான்கு குடும்பங்களுக்கு இதே வேலையாக அலைந்திருக்கிறேன். எம்.சி. ரோடு துணிக்கடையில் பில் போடுபவன் நான். சட்டமோ வங்கியியலோ படித்ததில்லை. ஆனால் எந்தத் தாளை எந்த மாதத்தில் வாங்கவேண்டும் என்று இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கல்லூரி கொடுக்கும் அவகாசம் நாள் கணக்கில், வங்கிக்குப் பிடிக்கும் காலம் வாரக் கணக்கில். அதனால் கடன் வேலையை நீட் முடிவு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். கீழே உள்ளவை அதற்கான படிகள்.

1. உங்கள் பிள்ளை எந்த வாசலில் நிற்கிறது என்று பாருங்கள்

"பிரைவேட் காலேஜில் டாக்டர் சீட் எவ்வளவு?" என்று கேட்டால் நாலரை லட்சம் என்பார் ஒருவர், கோடி என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வாசல்கள் வேறு வேறு.

முதல் வாசல், தமிழ்நாட்டுச் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு. சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசுக்குக் கொடுக்கின்றன. கட்டணத்தை மாநிலக் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. நாங்கள் சேர்ந்த ஆண்டில் அது கல்லூரியைப் பொறுத்து 4.35 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை. இரண்டாவது வாசல் அதே கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடு. அப்போது ஆண்டுக்கு 13.5 லட்சம். அதற்குள்ளேயே வெளிநாடுவாழ் இந்தியர் பிரிவு 24.5 லட்சம். மூன்றாவது வாசல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவை கட்டணத்தைத் தாங்களே முடிவு செய்துகொள்கின்றன. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் என்று நினைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். இந்த இடங்கள் டெல்லியிலுள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு வழியாக நிரம்புகின்றன. தமிழ்நாட்டுத் தரவரிசைப் பட்டியலுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

கட்டணங்கள் அவ்வப்போது மாறும். நீங்கள் சேரும் ஆண்டின் அரசாணையை எடுத்து, உங்கள் கல்லூரிக்கு நேரே எழுதியிருக்கும் தொகையைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் கட்டியது உங்களுக்குப் பொருந்தாது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்காது. வடசென்னையில் பலருக்கு அடி விழுவது இங்கேதான். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஏழைப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கும் பள்ளிகளில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. பெயரில் "அரசு" என்ற சொல் இருக்கிறதே என்று நம்பி, என் தங்கையும் அந்தக் கட்டத்தில் டிக் செய்தாள். நல்லவேளையாகச் சான்றிதழ் எழுதிக்கொடுத்த தலைமையாசிரியரே திருத்திவிட்டார். பிள்ளை இன்னும் ஏழாவது, எட்டாவதுதான் படிக்கிறது என்றால், பள்ளி மாற்றுவதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

2. கடைசித் தவணைவரை கணக்குப் போடுங்கள்

எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி மருத்துவப் பணி. நாலரை ஆண்டுக்குத்தான் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் அரசு ஒதுக்கீட்டில் 4.5 லட்சம் வீதம் 20.25 லட்சம். இது எல்லோரும் போடுகிற கணக்கு. யாரும் போடாத கணக்கு வட்டி.

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், தனிவட்டியாக. 10 சதவீதம் என்று வையுங்கள். ஆண்டுதோறும் பணம் எடுத்து, ஆறரை ஆண்டு கழித்துத் தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் ஏறத்தாழ 9.5 லட்சம் சேர்ந்திருக்கும். முதலோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 30 லட்சம். அதைப் பதினைந்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 32,000 ரூபாய்.

நிர்வாக ஒதுக்கீட்டுக்கு எல்லாவற்றையும் மூன்றால் பெருக்குங்கள். மாதம் 96,000 ரூபாய். தமிழக அரசுப் பணியில் புதிதாகச் சேரும் உதவி மருத்துவரின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதி, அதைப் பார்த்தபடி வீட்டில் பேசுங்கள். "டாக்டரானால் சம்பாதித்துவிடுவாள்" என்ற பேச்சு அத்தோடு அடங்கும். நிகர்நிலைக்கான கணக்கை நான் போடவில்லை. அது சொத்தை விற்கத் துணிந்தவர்கள் போடவேண்டியது.

விடுதி, சாப்பாடு, புத்தகம், வெள்ளை அங்கி, தேர்வுக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். வடசென்னைக்குள் இருப்பது ஸ்டான்லி. அது அரசுக் கல்லூரி. சென்னையை ஒட்டிய சுயநிதிக் கல்லூரிகள் பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கமும் தெற்கே செங்கல்பட்டுப் பக்கமும் பரவிக் கிடக்கின்றன. வீட்டிலிருந்தே போய்வந்துவிடலாம் என்று நாங்களும் நினைத்தோம். முதல் மாதம் மின்சார ரயிலும் ஷேர் ஆட்டோவுமாகப் போய்வந்தாள். உடற்கூறியல் வகுப்பு முடிந்து வீடு வந்து சேர இரவு எட்டரை. இரண்டாம் மாதம் விடுதிக்குப் பணம் கட்டினோம். இந்தச் செலவையும் கடன் விண்ணப்பத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும் பாடு.

3. சான்றிதழ்களை மே மாதமே வாங்கிவையுங்கள்

நீட் தேர்வு முடிந்த மறுநாளே தொடங்கலாம். முடிவு வந்த வாரத்தில் இ-சேவை மையத்துக்குப் போனால் பொறியியல், கலைக் கல்லூரிக் கூட்டம் எல்லாம் அங்கேதான் நிற்கும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ். இ-சேவையில் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். மையத்தில் கூடுதலாகக் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். விண்ணப்பம் வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். உங்கள் தெரு எந்த வட்டத்தில் வருகிறது என்று முன்கூட்டியே பாருங்கள். தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மாதவரம் வட்டங்களின் எல்லைகள் நாம் பேச்சுவழக்கில் சொல்லும் பேட்டைகளோடு ஒத்துப்போவதில்லை. வியாசர்பாடிக்காரர் ஒருவர் தவறான வட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு நாள் காத்திருந்தார்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தாரோ அந்தப் பள்ளிகளின் படிப்புச் சான்று, பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நீட் அனுமதிச்சீட்டு, மதிப்பெண் அட்டை. அனுமதிச்சீட்டைத் தேர்வு முடிந்ததும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அதில் ஒட்டிய அதே புகைப்படத்தில் எட்டுப் பிரதி எடுத்துவையுங்கள், கடைசிவரை கேட்பார்கள்.

எல்லாத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கவேண்டும். அப்பாவின் பெயர் ஆதாரில் ஒரு தலைப்பெழுத்தோடும், பான் அட்டையில் இரண்டோடும், வீட்டுப் பத்திரத்தில் தலைப்பெழுத்தே இல்லாமலும் இருந்தது. கலந்தாய்வில் யாரும் கண்டுகொள்ளவில்லை. வங்கி வக்கீல் கண்டுகொண்டார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதிக்கொடுத்தோம். இரண்டு நாள் போயிற்று.

பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு, ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தைத் தாங்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல், "எப்படியும் ஸ்காலர்ஷிப் வரும்" என்று யாரோ சொன்னதை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

4. வீட்டுப் பத்திரத்தை இப்போதே வெளியே எடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஆகும். மற்றவற்றைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வங்கிகள் பின்பற்றும் பொதுவான கல்விக் கடன் விதி இது: 4 லட்சம் வரை பிணை வேண்டாம். 4 முதல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம். 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை. அரசு ஒதுக்கீட்டின் 20 லட்சமே இந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே சொத்து வேண்டும். வடசென்னையில் சொத்து இருப்பவரிடம் சொத்துக்கான தாள் இருக்கும் என்று சொல்லமுடியாது.

எங்கள் வீடு தாத்தா வாங்கியது. பட்டா அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. அவர் இறந்து பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. அப்பாவும் இரண்டு அத்தைகளும் வாரிசுகள். வங்கி கேட்டது: தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், பாட்டியின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அத்தைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், அதன்பின் அப்பா பெயரில் பட்டா. ஒன்று முடியாமல் அடுத்ததற்குப் போகமுடியாது. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. பணத்தைவிடக் கடினமானது பேச்சு. சின்ன அத்தைக்குத் தன் பங்கு போய்விடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். கடைசியில் அவரே, "விடுதலை வேண்டாம், நானும் ஜாமீன்தாரராகச் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன், பங்கு என் பெயரிலேயே இருக்கட்டும்" என்றார். வங்கி ஒப்புக்கொண்டது. எல்லாப் பங்குதாரர்களும் சேர்ந்து அடமானம் வைத்தால் விடுதலைப் பத்திரம் தேவைப்படாது என்று எங்களுக்கு அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. பாகப் பிரச்சினை உள்ள வீடு என்றால் முதலில் இந்த வழியைக் கேளுங்கள்.

வங்கி வக்கீலுக்குப் பொதுவாக வேண்டியவை: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது), பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம், காசு இல்லை. அப்படிப் பார்த்தபோதுதான் தாத்தா எப்போதோ வாங்கி அடைத்துவிட்ட ஒரு கூட்டுறவுச் சங்கக் கடன், ரத்துப் பத்திரம் பதியாமல், இன்னும் வில்லங்கமாகவே நிற்பது தெரிந்தது. இதை மே மாதம் பார்த்திருந்தால் சிரித்துக்கொண்டே சரிசெய்திருப்போம். ஆகஸ்டில் பார்த்ததால் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது.

வரைபட அனுமதி இல்லாமல் மாடி எழுப்பியிருந்தால் வங்கி தரைத்தளத்தை மட்டும் மதிப்பிடலாம், அல்லது மறுக்கலாம். வாரியக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒதுக்கீட்டு ஆணை மட்டும் போதாது. முழுத் தொகையும் கட்டி, கிரயப் பத்திரம் பெற்றிருக்கவேண்டும். கோயில் மனையில் கட்டிய வீடு பிணைக்கு ஆகாது.

சொத்தே இல்லையென்றால்? நிரந்தர வைப்பு, தேசிய சேமிப்புப் பத்திரம், ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் சரண் மதிப்பு (பாதியில் முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகை) ஆகியவற்றையும் பிணையாக ஏற்பார்கள். உறவினர் சொத்தையும் ஏற்பார்கள், அவர் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டால். மாமாவின் ஊர் நிலத்தை வைக்கலாம் என்று போகாதீர்கள். விவசாய நிலத்தைப் பெரும்பாலான கிளைகள் கல்விக் கடனுக்குத் தொடுவதில்லை.

5. வங்கிக்கு ஜூனிலேயே ஒருமுறை போய் உட்காருங்கள்

ஒதுக்கீட்டு ஆணை இல்லாமல் கடன் அனுமதிக்க மாட்டார்கள். உண்மைதான். ஆனால் ஆணை இல்லாமலே வக்கீல் கருத்து வாங்கலாம், மதிப்பீட்டாளரை வரவழைக்கலாம், அப்பா அம்மா பழைய கடன்களை ஒழுங்காக அடைத்தார்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணைப் பார்க்கலாம். மூன்று வாரத்தில் இரண்டேகால் வாரத்தை இவைதான் தின்கின்றன. மேலாளரிடம், "சொத்து ஆய்வை மட்டும் முன்கூட்டியே முடித்துத் தாருங்கள், கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம்" என்று சொல்லுங்கள். வக்கீலுக்கும் மதிப்பீட்டாளருக்கும் எங்களுக்கு மொத்தம் பத்தாயிரத்துக்குள் ஆயிற்று. சீட் கிடைக்காமல் போனால் அந்தப் பணம் நட்டம். அந்த நட்டத்துக்குத் துணியுங்கள்.

சிபில் மதிப்பெண்ணை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். அப்பா ஒரு ரூபாய் கடன் வாங்கியவரல்லர். ஆனால் எட்டு ஆண்டுக்கு முன் பட்டறைக்கு வந்துபோகும் ஒருவரின் ஷேர் ஆட்டோக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஆள் கடைசி ஏழு தவணை கட்டவில்லை. கடன் நிறுவனம் எங்களிடம் வந்து கேட்கவும் இல்லை, அமைதியாக அப்பாவின் கணக்கில் கறுப்புப் புள்ளி வைத்துவிட்டது. பாக்கியைக் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, அது பதிவில் ஏறக் காத்திருந்து, இதற்குள் கல்லூரிக் கெடு முடிந்துவிட்டது. அப்பாவுக்குப் பதிலாக அம்மாவை இணை விண்ணப்பதாரராகப் போடமுடியாதா என்று கேட்டோம். அம்மா அப்பளம் போட்டு விற்பவர், வருமானத்துக்குத் தாள் கிடையாது. நீங்கள் ஜூனிலேயே பார்த்துவிட்டால் சரிசெய்ய இரண்டு மாதம் கையில் இருக்கும்.

விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளம் வழியாகவும் போடுங்கள். நேரில் கொடுத்த தாள் மேசையிலிருந்து காணாமல் போகும். இணையத்தில் போட்டதற்கு எண் இருக்கும், நிராகரித்தால் காரணம் எழுதவேண்டியிருக்கும். முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்துக் கிளை, அப்பா பல ஆண்டாகக் கணக்கு வைத்திருக்கும் கிளை. வேறு கிளைக்குப் போனால் "உங்கள் பகுதிக் கிளைக்குப் போங்கள்" என்று திருப்பியனுப்புவார்கள்.

2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். பிணையும் ஜாமீனும் இல்லாத கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை. ஆனால் தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். பெரும்பாலான சுயநிதிக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இல்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கும் இல்லை. உங்கள் கல்லூரியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்பிக்கை வையுங்கள்.

அனுமதிக் கடிதம் வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் 5 சதவீதம் உங்கள் பங்காகப் போடவேண்டும். அது ஒவ்வோர் ஆண்டும் வரும். இரண்டு, கடனோடு சேர்த்துக் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை நீட்டுவார்கள். மாணவரின் உயிருக்குக் கடன் அளவில் எளிய காப்பீடு நல்லதுதான். சேமிப்பும் காப்பீடும் கலந்த பெரிய பாலிசியை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கடன் நிற்காது.

6. விருப்பப் பட்டியலைப் பணத்தோடு சேர்த்து யோசியுங்கள்

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு இரண்டையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுதான் நடத்துகிறது. விண்ணப்பம் தனித்தனி, எல்லாம் இணையத்தில். சந்தேகம் என்றால் கீழ்ப்பாக்கம் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி நிலையம், அங்கிருந்து நடை. காலையிலேயே போங்கள்.

கட்ட முடியாத கல்லூரியைப் பட்டியலில் போடாதீர்கள். "சும்மா போட்டுவைப்போம், கிடைத்தால் பார்ப்போம்" என்பது பொறியியல் கலந்தாய்வுப் பழக்கம். இங்கே அதற்கு விலை உண்டு. அகில இந்தியக் கலந்தாய்வில் நிகர்நிலைக்குப் பதிவு செய்யவே 5,000 ரூபாய் கட்டணமும் 2 லட்சம் வைப்புத்தொகையும். முதல் சுற்றில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டால் நட்டமில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்து, சேராமல் விட்டால் வைப்புத்தொகை போய்விடும். மாநிலக் கலந்தாய்வுக்கும் இப்படி விதிகள் உண்டு. தகவல் தொகுப்பேட்டில் "விலகல்" என்ற பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

7. தரகர்

நிர்வாக ஒதுக்கீட்டு இடம்கூடத் தேர்வுக் குழு வழியாகத்தான் நிரம்புகிறது. ஆகவே உங்களுக்கு "சீட் வாங்கித்தர" யாருக்கும் வழியில்லை. நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஒரே ஆளிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடைசெய்கிறது. நீட் முடிவு வந்த மறுநாள் முதல் தங்கையின் எண்ணுக்குத் தரகர்களிடமிருந்து நாளுக்கு ஐந்தாறு அழைப்பு வந்தது. எண் எப்படிப் போனது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக் கல்லூரி முகவர்களும் இவர்களே. அந்த வழியில் போவதென்றால் மூன்றைப் பாருங்கள்: ஆங்கில வழியில் 54 மாதப் படிப்பு இருக்கிறதா, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி இருக்கிறதா, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவுசெய்யும் தகுதி கிடைக்குமா. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகள் இவற்றைக் கேட்கின்றன. முகவரின் வண்ணத் தாளில் இவை இருக்காது.

8. சேரும் நாள்

போவதற்கு முன் அசல் சான்றிதழ்களை வங்கியில் காட்டி, "அசலோடு ஒப்பிடப்பட்டது" என்று நகல்களில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி அசலை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கடுத்த வாரம் வங்கி அசலைக் கேட்கும். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் மூன்று முறை அலைந்தோம்.

கட்டணத்தை டி.டி.யாகக் கொண்டுபோங்கள், கல்லூரியின் பெயர் ஒதுக்கீட்டு ஆணையில் இருப்பதுபோலவே எழுத்துப் பிசகாமல். அறக்கட்டளையின் பெயரா கல்லூரியின் பெயரா என்று முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள்.

கட்டண மேசையில் உட்கார்ந்திருந்தவர் எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டை நகர்த்தினார். தலைப்பு இல்லை, முத்திரை இல்லை, பென்சிலால் எழுதியது. அரசு நிர்ணயித்த தொகைக்குக் கீழே "இதர" என்று 1,60,000 ரூபாய். என்னவென்று கேட்டதற்கு, "எல்லோரும் கட்டுகிறார்கள்" என்றார். அப்பா சட்டைப் பையில் கை வைத்துவிட்டார். நான் கட்டண அரசாணையின் பிரதியை மேசையில் வைத்து, "இதற்கு உங்கள் ரசீதில் தலைப்புவாரியாக எழுதிக் கொடுத்தால் வங்கியில் காட்டி வாங்கிவிடுகிறேன்" என்றேன். அவர் உள்ளே போனார். திரும்பிவந்தபோது அந்தத் தொகை 38,000 ஆகியிருந்தது, பஸ்ஸும் பல்கலைக்கழகப் பதிவும் புத்தகமும் என்று ரசீதோடு. சண்டை போடவேண்டாம், ரசீது மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால் தேர்வுக் குழுவுக்கும் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஓராண்டுக் கட்டணத்துக்கு மேல் முன்கூட்டியே வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2003இலேயே சொல்லிவிட்டது. "இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டுங்கள்" என்றால் மறுத்துவிடுங்கள்.

9. நகையை வைத்து முதல் ஆண்டைச் சமாளித்தால்

கடன் தாமதமானால் வங்கி நகைக்கடன் ஒரே நாளில் கிடைக்கும். அடகுக்கடைக்குப் போகுமுன் வங்கிக்குப் போங்கள்.

இங்கே ஒரு பொறி. கல்விக் கடன் பணம் உங்கள் கைக்கு வராது, நேரே கல்லூரிக்குப் போகும். முதல் ஆண்டுக் கட்டணத்தை நீங்களே கட்டிவிட்டால், வங்கி இரண்டாம் ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்கிவிடும், நகை அடகிலேயே கிடக்கும். கட்டிய கட்டணத்தை ரசீது காட்டித் திரும்பப் பெறும் வழி பல வங்கிகளில் இருக்கிறது. அதற்கு அனுமதிக் கடிதத்தில் முதல் ஆண்டுக் கட்டணமும் சேர்ந்திருக்கவேண்டும். கட்டுவதற்கு முன்பே மேலாளரிடம் இதைக் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இது கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது. அம்மாவின் நகை திரும்பிவந்தது டிசம்பரில். லேத் திரும்பவில்லை.

படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டினால் பெரிய சுமை குறையும். 4.5 லட்சத்துக்கு 10 சதவீதத்தில் முதல் ஆண்டு மாதம் 3,750 ரூபாய். நான்காம் ஆண்டில் 15,000 ஆகும். அப்படிக் கட்டிவந்தால் பின்னர் வரும் தவணை 32,000 அல்ல, 22,000க்குக் கீழே. முதல் இரண்டு ஆண்டுக்கு மட்டும் முடிந்தாலும் கட்டுங்கள். நான் என் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்கள் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரியில் கழிவு பெறலாம். பெற்றோரோ மாணவரோ, கடன் யார் பெயரில் இருக்கிறதோ, யார் வட்டி கட்டுகிறாரோ அவருக்குத்தான். அண்ணனுக்குக் கிடையாது.

10. இரண்டாம் ஆண்டுக் கட்டணம்

வங்கி தானாக அனுப்பாது. தேர்ச்சிப் பட்டியல், கல்லூரியின் கட்டணக் கடிதம், முந்தைய ஆண்டு ரசீது, உங்கள் 5 சதவீதப் பங்கு கணக்கில் இருப்பதற்கான சான்று, இவற்றோடு ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் எழுதிக் கேட்கவேண்டும். கல்லூரி கட்டணக் கடிதம் தருவதற்கே பத்து நாள் இழுக்கும், தாமதமானால் அபராதமும் அதே கல்லூரி போடும். தேர்வு முடிவு வந்த அன்றே கடிதத்துக்கு எழுதிக்கொடுங்கள், கொடுத்த நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். மேலாளர் மாறியிருந்தால் பழைய அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். புதியவர் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் அதை எடுத்து நீட்டிவிடலாம்.